கெமர் மொழியை மறுபடி தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கம்போடியாவின் மொழியான கெமரைக் கற்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களையும், சில மாதம் கழித்துத் திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி விட்டவர்களையும் புதுச்சேரியிலும் கடலூரிலும் நான் அடிக்கடி சந்திக்கிறேன். அங்கோர் கோயில்களை ஆய்வு செய்பவர்கள், தலைநகர் நோம்பென்னில் வேலைக்குப் போகவிருப்பவர்கள், சியெம் ரீப்புக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துச் செல்பவர்கள், கம்போடியக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொண்டவர்கள் என்று அவர்களுடைய தேவைகள் பலவகை. ஆனால் திரும்பி வரும்போது பெரும்பாலும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். புதிதாக ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் முதல் எழுத்தை எழுதி, வணக்கம் சொல்லும் பாடத்திலிருந்து மீண்டும் ஆரம்பிக்கிறார்கள்.

இதைச் செய்ய வேண்டாம் என்பதே என்னுடைய முதல் வேண்டுகோள். முதல் பத்துப் பாடங்கள் ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் அவை சுலபமாக ஓடும். அந்த மகிழ்ச்சியில் இரண்டு மூன்று வாரம் கழியும். பிறகு முன்பு தடுக்கிய அதே இடத்துக்கு, முன்பு கையில் இருந்த அதே கருவிகளோடு வந்து சேர்வீர்கள். தறியில் அறுந்த இழையை அறுந்த இடத்தில்தான் முடிகிறார்கள், பாவு நூலை முழுவதுமாகப் பிரித்துப் போடுவதில்லை. ஆகவே திரும்பி வருபவருடைய முதல் வாரத்து வேலை, தன்னுடைய இழை எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது மட்டுமே.

அதற்குப் பழைய நோட்டையும் பழைய ஒலிப்பதிவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடைசியாகப் படித்த பாடத்துக்கு இரண்டு மூன்று பாடம் முன்னதாக உள்ள ஓர் உரையாடலைப் புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நிமிடம் கேளுங்கள். புரிந்த சொற்களைத் தாளில் எழுதுங்கள். அடுத்து அதே உரையாடலைக் கெமர் எழுத்தில் வாய்விட்டுப் படித்து, தடுமாறும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். காதால் கேட்டபோது புரிந்தது, கண்ணால் படிக்கும்போது தடுமாறுகிறது என்றால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. படிக்க முடிகிறது, ஆனால் கேட்டால் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் நீங்கள் இதுவரை கற்றது உங்கள் நோட்டில் உள்ள தமிழ் எழுத்துப்பெயர்ப்பைத்தான். இரண்டுமே சரியாக இருந்து, பேச வாய் வரவில்லை என்றால் அது வேறு வகைச் சிக்கல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எழுத்தில் தடுமாறுபவர்களே மிகுதி என்பதால் அங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. தேதியிட்ட மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு கி.பி. 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அங்கோர் பொரெய் என்னும் ஊரில் கிடைத்தது. ஆகையால் தமிழ் படித்தவருக்கு அதன் அமைப்பில் அந்நியமானது குறைவு. நம்முடைய கெ, கே, கை போலவே அங்கும் சில உயிர்க்குறிகள் மெய்யெழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிக்கின்றன. கொ என்று எழுதும்போது நாம் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் இடுவது போல, அங்கும் ஓர் உயிர்க்குறி மெய்யை இருபுறமும் அணைத்து நிற்கிறது. ஐரோப்பியர்கள் வாரக்கணக்கில் பழக வேண்டிய இந்தப் பழக்கம் நமக்கு ஒன்றாம் வகுப்பிலேயே கைவந்துவிட்டது.

தடுமாற்றம் வருவது இருவரிசை முறையில். கெமரில் இன்று வழங்கும் 33 மெய்யெழுத்துகளும் இரண்டு வரிசைகளாகப் பிரிந்திருக்கின்றன; ஒரே உயிர்க்குறி முதல் வரிசை மெய்யோடு சேர்ந்தால் ஓர் ஒலி, இரண்டாம் வரிசை மெய்யோடு சேர்ந்தால் வேறோர் ஒலி. பாடப்புத்தகங்கள் இதை நீண்ட அட்டவணையாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. தமிழருக்கு அந்த அட்டவணை தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. நம் வீட்டுப் பூஜை அலமாரியில் தமிழ் எழுத்தில் அச்சிட்ட சுலோகப் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் க என்ற ஒரே எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சிறிய எண் இட்டு வடமொழியின் நான்கு ககரங்களைக் காட்டியிருப்பார்கள். கெமர் நெடுங்கணக்கும் அதே வர்க்க ஒழுங்கில்தான் நிற்கிறது: க, ச, ட, த, ப என்னும் ஐந்து வர்க்கங்களில் ஐந்தைந்தாக 25, அவற்றோடு ய, ர, ல, வ, ஸ, ஹ, ள, அ என்று 8, ஆக 33.

இப்போது விதியைப் பாருங்கள். எண் இடாத முதலெழுத்தை 1 என்று கொண்டால், ஒவ்வொரு வர்க்கத்திலும் 1, 2 என்று எண் பெறுபவை முதல் வரிசை. 3, 4 என்று எண் பெறுபவையும் மூக்கெழுத்தும் இரண்டாம் வரிசை. மூக்கெழுத்துகளில் ண மட்டும் விலக்காக முதல் வரிசையில் நிற்கிறது. ய, ர, ல, வ இரண்டாம் வரிசை; ஸ, ஹ, ள, அ முதல் வரிசை. ஒரு காலத்தில் க³ என்பது தொண்டை அதிர ஒலித்த ககரமாக இருந்தது. பின்னர் அந்த அதிர்வு மறைந்து, அதன் அடையாளம் பக்கத்து உயிரில் மட்டும் தங்கிவிட்டது. அதனால் இன்று க¹, க³ இரண்டுக்கும் மெய்யொலி ஒன்றுதான். ஆகாரக் குறி க¹ உடன் சேர்ந்தால் 'கா' என்று திறந்து ஒலிக்கும். க³ உடன் சேர்ந்தால் 'கீய' என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும்.

இதைப் பிடித்துக்கொண்டால் நமக்குத் தெரிந்த சொற்களே பயிற்சி நூலாகிவிடும். நகரம் என்ற சொல்லில் ந, க³ இரண்டும் இரண்டாம் வரிசை. அதனால் அது 'நொகோ' ஆகிறது, இறுதி ரகரம் எழுத்தில் இருந்தும் ஒலிப்பதில்லை. ராஜ என்பது 'ரீயச்', ராத்திரி என்பது 'ரீயத்ரெய்', பாஷை என்பது ப⁴ எழுத்தில் தொடங்குவதால் 'பீயஸா', குரு என்பது 'க்ரூ', மனுஷ்ய என்பது 'மொனுஹ்'. எழுத்தில் ஸகரத்தில் முடியும் சொற்கள் வாயில் ஹகரமாக முடியும் என்பதையும் இந்தக் கடைசிச் சொல்லிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பொருள் மட்டும் சில இடங்களில் நகர்ந்திருக்கும்: 'பூம்' என்றால் கிராமம், 'சாலா' என்றால் பள்ளிக்கூடம். இத்தகைய சொற்கள் முப்பது நாற்பதை எடுத்து, ஒவ்வொன்றையும் கெமர் எழுத்தில் எழுதி, மேலே எண்களை இட்டு, ஒலிப்பதிவோடு ஒத்துப் பாருங்கள். அட்டவணையை ஒரு முறைகூடப் பார்க்காமல் இருவரிசை முறை மனத்தில் இறங்கிவிடும்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. ப¹ எழுத்து இன்று, நாம் 'தம்பி' என்னும்போது ஒலிக்கும் பகரமாகவும், ட¹ எழுத்து 'வண்டி'யில் ஒலிக்கும் டகரத்துக்கு நெருங்கியும் ஒலிக்கின்றன. இவற்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, கெமரில் ஒரு மெய்யின் கீழ் இன்னொரு மெய்யைச் சிறிய உருவில் எழுதுவார்கள். அதைக் 'கால்' என்றே அழைக்கிறார்கள். அப்படி இரண்டு மெய் சேரும்போது எந்த வரிசை உயிரை ஆளும் என்று பலர் குழம்புகிறார்கள். வல்லின வகை மெய்யும் மூக்கெழுத்தும் சேர்ந்தால் ஆள்வது வல்லினமே. 'நான்' என்று பொருள்படும் சொல்லில் க² மேலே, ஞ கீழே. ஞ இரண்டாம் வரிசையாக இருந்தும் க² ஆள்வதால் உயிர் முதல் வரிசைப்படி ஒலித்துச் சொல் 'க்ஞொம்' ஆகிறது. கைபேசியில் தட்டச்சு செய்யப் பழகினால் இது இன்னும் தெளிவாகும். தமிழில் க, புள்ளி, ஷ என்று தட்டினால் க்ஷ உருவாவது போல, கெமரிலும் ஓர் இணைப்பு விசையைத் தட்டி அடுத்த மெய்யைத் தட்டினால் அது காலாகக் கீழே இறங்குகிறது. கையால் எழுதும்போது மங்கலாக விட்ட எழுத்துக்கூட்டல் பிழைகளெல்லாம் தட்டச்சில் வெளிப்பட்டுவிடும் என்பதால், தினமும் நான்கு வரி தட்டச்சு செய்வதை நான் கட்டாயமாகவே பரிந்துரைக்கிறேன்.

சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் எழுதுவது மற்றொரு தடை. தொடருக்கும் தொடருக்கும் இடையில்தான் அவர்கள் இடம் விடுகிறார்கள். ஒரு பக்கத்தை அச்செடுத்து, சொல் முடிவுகளில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே படியுங்கள். சில வாரங்களில் கோட்டின் தேவை குறையும். இதற்குச் செய்தித்தாளை எடுக்க வேண்டாம், குழந்தைக் கதைகளே போதும். ஸ்டோரிவீவர் தளத்தில் கெமர்க் கதைகளும் தமிழ்க் கதைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதை இரு மொழியிலும் இருப்பதைத் தேடி எடுத்தால் அகராதியைப் புரட்டும் நேரம் மிச்சமாகும். அகராதி வேண்டும்போது, கம்போடியப் பௌத்தத் தலைமைத் துறவியான சங்கராஜர் சுவோன் நாத் தொகுத்து 1938இல் முதற்பகுதி வெளிவந்த கெமர்–கெமர் அகராதிதான் எழுத்துக்கூட்டலுக்கு இன்றும் அளவுகோல்.

காதில் தடுமாறுபவர்களுக்கு என்னுடைய ஆலோசனை கடுமையாகத் தோன்றலாம்: நோட்டில் தமிழ் எழுத்துப்பெயர்ப்பு எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருப்பவையும் ஒலியின் சாயல்களே தவிர ஒலிகள் அல்ல. கெமரில் 'தா' என்றால் தாத்தா. அதே 'தா' மூச்சுக்காற்று பலமாக வெளிவர த² ஆக ஒலித்தால் 'சொல்' என்னும் வினை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஆனால் அங்குள்ளவருடைய காதில் அவை முற்றிலும் வேறு. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்து இரண்டையும் மாறி மாறிச் சொல்லுங்கள். முதல் சொல்லுக்குக் கையில் காற்றுப் படக் கூடாது, இரண்டாவதுக்குப் பட வேண்டும். முதல் வகை நமக்கு இயல்பாகவே வரும். இரண்டாம் வகைக்குத்தான் பயிற்சி தேவை.

சொல்லின் இறுதியிலும் நம் நாக்கு நம்மைக் காட்டிக் கொடுக்கும். வல்லின மெய்யில் சொல் முடிவதைத் தமிழ் விரும்புவதில்லை. 'கப்' என்பதைக் 'கப்பு' என்று உகரம் சேர்த்துத்தான் முடிப்போம். கெமரில் பத்து என்பதற்கான 'டொப்' என்ற சொல்லை நம்மவர்கள் 'டொப்பு' என்று சொல்லுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். உதடுகள் மூடியபின் திறக்கவே கூடாது. மூடிய நிலையிலேயே சொல் முடிந்துவிட வேண்டும். நம் செய்தித்தாள்கள் நோம்பென் என்று எழுதும் நகரத்தின் பெயரும் அங்கே 'ப்னொம் பெஞ்' என்று ஞகர மெய்யில் முடிகிறது. ஙகரத்தில் தொடங்கும் சொற்களும் அங்கு உண்டு. 'ஙப்போல் வளை' என்று ஆத்திசூடியில் ஓதிப் பழகியவருக்கு அந்த ஒலி எளிதாகவே வரும்.

கேட்கும் பயிற்சிக்கு ஒரு நிமிடத்துக்கு மேற்படாத ஒரே ஒலிப்பதிவை ஒரு வாரம் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்பது, பிறகு பேசுபவரின் குரலோடு ஒட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் திருப்பிச் சொல்வது, கடைசியில் எழுத்தைப் பார்த்து ஒத்துக்கொள்வது. அமெரிக்க வெளியுறவுத் துறைக்காகத் தயாரான பழைய கம்போடிய மொழிப் பாடங்கள் ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசமாக உள்ளன. பழைய பாணியாக இருந்தாலும் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சிக்கு அவற்றுக்கு இணையில்லை. பிரெஞ்சு அறிந்த புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: கம்போடியா 1863 முதல் 1953 வரை பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்ததால் பிரெஞ்சு வழியாகக் கெமர் கற்பிக்கும் நூல்கள் நிறைய உள்ளன, பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலிக்கும் கெமர்ப் பிரிவு இருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தினமும் பேருந்தில் போய்வருபவர்கள் போகும்போது கேட்பதையும் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்தி வைக்கும் மாலை வேளையில் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லலாம். கைபேசியில் பேசிக்கொண்டு போகும் கூட்டத்தில் யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இலக்கணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வினைச்சொல் காலம், இடம், பால் எதற்கும் உருமாறாது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையில் 'நான் போ சந்தை' என்பது போல வாக்கியம் அமையும். பெயரடை பெயருக்குப் பின்னால் வரும். எண்கள் ஐந்தை அடியாகக் கொண்டவை, அதாவது ஆறு என்பது 'ஐந்து ஒன்று', ஒன்பது என்பது 'ஐந்து நான்கு'. தெருவில் தென்படும் வண்டி எண்களைக் கெமரில் சொல்லிப் பழகினால் இது சீக்கிரமே சரளமாகும்.

எழுத்தும் காதும் சரியாக இருந்தும் நின்றுபோனவர்கள் தங்கள் நோக்கத்தை மறுபடி விசாரித்துக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப்பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் கெமரில் பணிக்குத் தேவையான தேர்ச்சி பெற 44 வாரங்களும் ஏறத்தாழ 1,100 வகுப்பு மணி நேரமும் ஆகும் என்று கணக்கிட்டு, தமிழையும் அதே பிரிவில் வைத்திருக்கிறது. தினம் அரைமணி நேரம் ஒதுக்குபவருக்கு அது ஆறு ஆண்டு வேலை. ஆறு மாதத்தில் சரளமாகப் பேச வேண்டும் என்று எண்ணித் தொடங்கியவர் ஏழாம் மாதத்தில் மனம் உடைவது இயற்கை. கல்வெட்டுக்காக வந்தவர் சந்தைப் பேச்சுப் பாடங்களில் மாட்டிக்கொண்டு சோர்வதும் உண்டு. காரைக்காலம்மையாரின் உருவம் 967இல் குடமுழுக்குக் கண்ட கம்போடியாவின் பந்தேய் ஸ்ரெய் கோயிலில் ஆடும் சிவனருகே செதுக்கப்பட்டிருப்பதையும், கம்போஜ (இன்றைய கம்போடிய) மன்னன் சோழனுக்கு அனுப்பிய கல்லைப் பற்றிச் சிதம்பரத்துக் கல்வெட்டொன்று பேசுவதையும் கேள்விப்பட்டு ஆர்வம் கொண்டவருக்கு வேண்டியது பழைய கெமரும் சமஸ்கிருதமும். அவர் புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனத்துக்கோ, அங்கோர் பாதுகாப்புப் பணியை 1908இலேயே ஏற்ற தூரக்கிழக்கு பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் துய்மா வீதி மையத்துக்கோ போய் விசாரிப்பதே முறை. அவற்றின் நூலகங்கள் முதன்மையாக இந்தியவியலுக்கானவை என்றாலும், எந்த நூலை எங்கே தேடுவது என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் படிப்பு நின்றுபோவதற்கு இன்னொரு காரணம் பருவமழை. ஐப்பசி முதல் மார்கழி வரை மின்சாரம் போய், வீட்டுக்குள் தண்ணீர் வந்து, 2011இல் தானே புயலும் 2024இல் ஃபெஞ்சல் புயலும் செய்தது போல வாரக்கணக்கில் வாழ்க்கையே கலைந்துவிடும்போது மொழிப்பாடம் நின்றுபோனதற்காக யாரும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். அந்த மாதங்களுக்கென்றே குறைந்த வேலை ஒன்றை முன்கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள்: கைபேசியில் இறக்கி வைத்த ஓர் ஒலிப்பதிவைக் கேட்பது, அவ்வளவே. எழுதுவதும் புதுப்பாடமும் தை பிறந்த பிறகு. நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் காதில் விழுந்துகொண்டிருந்தால் திரும்பி வருவது பெரிய காரியமாக இராது.

வாய் வராதவர்களுக்கு மருந்து ஒரு கம்போடியரோடு பேசுவதுதான். அங்கே நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால். நமக்கு இரவு ஏழு என்றால் அவர்களுக்கு எட்டரை. தமிழ் கற்க விரும்பும் ஒருவரோ ஆங்கிலம் பழக விரும்பும் ஒருவரோ கிடைத்தால், பாதி நேரம் அவர் மொழி, பாதி நேரம் உங்கள் மொழி என்று பிரித்துக்கொள்ளலாம். அவரை எப்படி அழைப்பது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மூத்தவரானால் ஆணோ பெண்ணோ 'பொங்', இளையவரானால் 'பொஊன்'. பெற்றோரைவிட இளையவர்களை 'பூ', 'மீங்' என்றும், பெற்றோரைவிட மூத்தவர்களை 'ஓம்' என்றும் அழைப்பார்கள். சித்தப்பாவையும் பெரியப்பாவையும் பிரித்துச் சொல்லும் வீட்டில் வளர்ந்த நமக்கு இது இயல்பாக வரும். ஆமோதிக்கும்போது ஆண்கள் 'பாத்' என்றும் பெண்கள் 'சாஹ்' என்றும் சொல்ல வேண்டும். சாப்பிடுவது என்பதற்கு உங்களைப் பற்றிப் பேசும்போது 'ஞாம்', பெரியவரை உபசரிக்கும்போது 'பிஸா', பிக்குகளுக்கு 'சன்' என்று வெவ்வேறு சொற்கள் உண்டு. இந்த மூன்றையும் தெரிந்து வைத்திருந்தால் போதும், மற்றவற்றை அவரே திருத்துவார்.

பேசப் பொருள் இல்லையே என்ற கவலை வேண்டாம். நம் சித்திரை முதல் நாளை ஒட்டித்தான் அவர்களுக்கும் புத்தாண்டு. நமக்கு மகாளய பட்சமாக வரும் பதினைந்து நாளில் அவர்கள் முன்னோருக்குச் சோற்றுருண்டை படைக்கும் ப்சும் பென் விழாவைக் கொண்டாடுகிறார்கள். வீட்டில் என்ன சமைத்தீர்கள், யாருக்குப் படைத்தீர்கள் என்று கேட்டாலே அரைமணி நேரம் ஓடிவிடும். தலைநகரத்துப் பேச்சில் ரகரம் தேய்ந்து மறைவதால் பாடத்தில் கேட்ட சொல் அடையாளம் தெரியாமல் போகலாம். அப்போது மெதுவாகச் சொல்லும்படி கேட்பதோடு, அந்தச் சொல்லைக் கெமர் எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பும்படியும் கேளுங்கள். பேச்சை முடிக்கும் முன், அடுத்த முறை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதைக் கெமரிலேயே சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். ஞாயிறு 'ஆதித்', திங்கள் 'சன்', செவ்வாய் 'அங்கீய', புதன் 'புத்', வியாழன் 'ப்ரொஹொஹ்', வெள்ளி 'ஸொக்', சனி 'ஸாவ்'.